அக்காவின் மாத்திரை அட்டை

உள்ளங்கையில் மூன்று மாத்திரைகளை வைத்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, அண்ணாந்து ஒரே வீச்சில் வாயில் போடுவாள் அக்கா. குப்பித் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "எறங்கிட்டு. நீ டிக்கப் போடு ஏட்டி" என்பாள். நான் அட்டையில் அன்றைய கட்டத்தில் பேனாவால் குறிப்பேன். தினமும் காலையில் அண்டி ஆபீஸ் கதவு திறக்கும் முன், மதில் ஓரமாக நின்று இதைச் செய்தோம். முந்திரி ஆலையை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம்.

அக்கா என் கூடப்பிறந்தவள் அல்ல. பதினாறு வருடம் பக்கத்தில் உட்கார்ந்து பருப்புத் தோல் உரித்தவள். எனக்கு நாலு பேர் நடுவே பேச்சு வராது. எனக்கும் சேர்த்து அவளே பேசுவாள். அவளுக்குக் காசநோய் என்று தெரிந்ததும், மாத்திரை விழுங்குவதைப் பார்த்துக் குறிக்க ஓர் ஆள் வேண்டும் என்றார் சுகாதார நர்ஸ். அக்கா என்னைக் காட்டினாள். விழுங்கியபின் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொல்லித்தான் தந்தார். மூத்தவளிடம் அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "வெளிய சொல்லிராத மக்கா, தெரிஞ்சா பருப்புல கை வைக்க விடமாட்டானுவ" என்றாள் அக்கா. நான் யாரிடமும் மூச்சு விடவில்லை.

நாலாம் மாதம் இருமல் திரும்பி வந்தது. அண்டி வறுக்கும் புகை என்றாள், நம்பினேன். ஐந்தாம் மாதம் மூச்சு முட்டி, நாகர்கோவிலில் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள். தொண்டையில் குழாய் இறக்கினார்கள். மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாளா என்று டாக்டர் கேட்டபோது அட்டையை நீட்டினேன். "ஒரு நாளும் விடல்ல சார். நானே குடுத்தேன்." அப்படியானால் மருந்துக்கு அடங்காத கிருமியாக இருக்கலாம் என்று சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மறுநாள் டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். "அடங்குற கிருமிதாம்மா. மாத்திரை உள்ள போயிருந்தா இவங்க இங்க வந்திருக்க மாட்டாங்க."

வராந்தாவில் அக்காவின் மகள் அழுதுகொண்டே சொன்னாள். மாத்திரை போட்டால் மத்தியானம் வரை ஓங்கரிப்பு வருமாம். வேலைக்கு நடுவே வாந்தியெடுத்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்று, கன்னத்தில் ஒதுக்கி வைத்து, நான் திரும்பியதும் துப்பிவிடுவாளாம். மகளுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை. கண்ணாடிக்கு அப்பால் இயந்திரத்தின் தயவில் ஏறி இறங்கிய அந்த நெஞ்சைப் பார்த்தபோது பரிதாபம் வரவில்லை, கோபம்தான் வந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு, என்னிடமுமா நடிக்கவேண்டும்? குழாயை எடுத்ததும் கேட்டுவிட வேண்டும் என்றிருந்தேன். எடுக்கவேயில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டாள்.

பிறகு எங்கள் அறையில் வேலைபார்க்கும் எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். எனக்கு ஒன்றுமில்லை. எதிரே உட்காரும் கைப்பிள்ளைக்காரிக்கு நோய் ஒட்டியிருந்தது. அக்காவின் அட்டையில் குறித்தது நான்தான் என்று நர்ஸ் விசாரித்தபோது வெளியே வந்தது. மறுநாள் எல்லோர் முன்னாலும் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அஞ்சு மாசமா தெரிஞ்சுக்கிட்டா எங்ககூட ஒண்ணா இருந்து சோறு தின்ன? பிள்ளைக்குப் பால் குடுக்கேன் நான். ஒரு வார்த்த சொல்லப்பிடாதா?" உரித்துக்கொண்டிருந்த கைகள் எல்லாம் நின்றன. வெளியே சொல்லாதே என்று அக்காதான் சொன்னாள் என்று, செத்துப்போனவள்மீது பழிபோட வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

போன வாரம் நர்ஸ் புது அட்டையோடு வந்தார். கைப்பிள்ளைக்காரிக்கு யார் பார்த்துக் குறிப்பது என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். யாரும் சொல்லாமல் நானாக எழுந்தது அதுதான் முதல் தடவை. அவள் என் பக்கம் திரும்பவில்லை.

"இவ வேண்டாம் சிஸ்டர்" என்றாள்.