வளைவில் அடித்த புகை

பழைய சொகுசுக் கார் ஒன்றை வாங்கிக் கல்யாண வாடகைக்கு விட்டேன். ஓட்டியது என் மனைவியின் தம்பி. இன்ஜின் ஆயில் ஊற்ற ஊற்றக் குறைந்தது. காருக்கு அடியில் அட்டை விரித்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் ஒழுகவில்லை. அவன்தான் இறக்கி விற்கிறான் என்று நினைத்தேன். கேட்க வாய் வரவில்லை.

ஒருநாள் அவன் சவாரி ஏதும் இல்லாமல் காரோடு வத்தல்மலைக்குக் கிளம்ப, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பைக்கில் பின்தொடர்ந்தேன். மலை வளைவில் கார் வேகமெடுத்தபோது நீலப் புகை என் முகத்தில் அடித்தது. ஆயில் கருகும் நாற்றம். இன்ஜினே அதைக் குடித்துக்கொண்டிருந்தது. எப்போதும் உள்ளே உட்கார்ந்து போன நான் அந்தப் புகையைப் பார்த்ததே இல்லை.

இருமலில் பைக்கை நிறுத்தினேன். அவனும் காரை நிறுத்தி இறங்கி வந்தான்.

"நீங்க என்னைச் சந்தேகப்படுறது அட்டை விரிச்சப்பவே தெரியுமுங்க மாமா. இனிமே நீங்களே ஓட்டுங்க."

தண்ணீர் பாட்டிலோடு சாவியையும் கொடுத்துவிட்டு, என் பைக்கில் ஏறிப் போனான்.

இன்ஜினைச் சரிசெய்துவிட்டேன். வீட்டுக்கு வருகிறான், சிரித்துப் பேசுகிறான். சாவியை நீட்டினால் மட்டும் கையை நீட்டுவதில்லை.