மூன்று பல்பும் எரியும் நேரம்

திண்டிவனத்தில் மாவு மில் நடத்துகிற என்னிடம் வந்து யாரும் கரண்டுக் கணக்கு சொல்லக் கூடாது. ஆனாலும் எங்கள் அண்ணன் வந்து சொன்னார். பிட்காயின் விலை தாறுமாறாக ஏறிக்கொண்டிருந்த வருஷம் அது. விழுப்புரம் பக்கம் காணையில் அப்பா விட்டுப்போன ஒரு ஏக்கர் கரும்பு நிலம் எங்கள் இருவர் பேரிலும் இருந்தது. அதை விற்று, பிட்காயின் எடுக்கும் மிஷின் பத்து வாங்கி, மோட்டார் கொட்டகையில் ஓட்டப்போகிறாராம்.

“என் நிலத்த விக்க உன் கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி. ஜல்தியா போட்டுக் குடு” என்றார்.

‘என் நிலம்’ என்றதும் சுருக்கென்றது. வாயை அடக்கிக்கொண்டேன். “கணக்கக் காட்டுங்கண்ணே. சரியா வந்தா போடறேன்.”

மிஷின் விற்பவர் கொடுத்திருந்த தாளை நீட்டினார். மிஷின் இரவும் பகலும் ஓடி காயின் சேர்க்கும். அதை விற்ற காசில் கரண்டு செலவு போக மிச்சம் லாபம். கரண்டு செலவுக்கு நேராகப் பெரிய பூஜ்யம். பம்பு செட்டுக்கு இலவசமாயிற்றே!

“அது தண்ணி எறைக்கக் குடுத்த கரண்டு. மிஷின் ஓட்டினா லைன புடுங்கிடுவாங்க.”

“காசு கட்டித் தனி கனெக்‌ஷன் வாங்கிக்கறேன். அப்பவும் லாபந்தான்.”

வாங்கினாலும் அதே கம்பியில் அதே கரண்டுதானே வரும்? தாளிலோ நாளுக்கு இருபத்து நாலு மணி நேரம் என்று போட்டிருந்தது. பத்து மிஷினுக்கும் த்ரீ ஃபேஸ் வேண்டும். எங்கள் பக்கத்துக் கொட்டகைகளில் மூன்று பல்பு தொங்கும். மூன்றும் எரிந்தால்தான் த்ரீ ஃபேஸ் வந்திருக்கிறது, மோட்டார் போடலாம் என்று அர்த்தம். ஆயுசு பூராவும் அந்தப் பல்புகளைப் பார்த்துக் காத்துக் கிடக்கிற மனுஷர், தாளைப் பார்த்ததும் அதை மறந்துவிட்டார்.

“ஒரு வாரம், மூணும் எரியற ஒவ்வொரு மணிக்கும் செவுத்துல ஒரு கரிக்கோடு போடுங்க. அப்புறம் வாங்க” என்றேன்.

“நாலெழுத்துப் படிச்ச திமிரு!” என்று கத்திவிட்டுப் போனார். ஒரு வாரம் போன் இல்லை. இருக்கிற ஒரே அண்ணனையும் பகைத்துக்கொண்டேனே என்று மில் சத்தத்தில் யாருக்கும் கேட்காமல் அழுதேன். ஆனாலும் கையெழுத்துப் போடும் எண்ணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மிஷின்காரர் கூட்டம் போட்டார். முன்பணம் வாங்கும் நாள். அழைக்காமலே போனேன். மைக் கேட்டுக் கை தூக்கினேன். “கடைசில பேசலாம்மா” என்று என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். தூக்கிய கையை இறக்காமல் நின்றேன்.

அப்போது முன்வரிசையில் ஒரு குரல். அண்ணன்!

“சார், எங்க கொட்டாய்ல மூணு பல்பும் எரியற மணிக்கெல்லாம் ஒரு வாரமா கோடு போட்டுக்கினு வர்றேன். ஒரு நாள்கூட பத்தத் தாண்டல. உங்க தாள்ல இருபத்தி நாலுன்னு இருக்குதே, அது எந்த ஊரு கரண்டு?”

மண்டபம் கொல்லென்று சிரித்தது. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோருமே மூன்று பல்புக்காரர்கள்தானே! மிஷின்காரர், “ஜெனரேட்டர் வெச்சுக்கலாம்...” என்று இழுத்தார். “டீசல் உங்க மாமனாரு ஊத்துவாரா?” என்றது பின்வரிசை.

அண்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். “மீதிய எங்க தங்கச்சி கேக்கும்” என்று மைக்கை என்னிடம் அனுப்பினார்.

“பக்கத்துல பத்து பேரு போர் போட்டா நம்ம போர்ல தண்ணி கீழ போவுது. ஊரு ஒலகமே மிஷின் வாங்கினா நமக்கு வர்ற காயினும் கொறையுமில்ல? உங்க தாள்ல மட்டும் எப்படி மாசா மாசம் ஒரே அளவு வருது?”

அன்று ஒருத்தர்கூட முன்பணம் கட்டவில்லை. மண்டபத்திலிருந்து மகாராணி மாதிரி இறங்கி வந்தேன், ஆமாம், அப்படித்தான் வந்தேன்!

மறுநாள் விடியற்காலை போன் அடித்தது.

“மூணும் எரியுது. மோட்டார் போட்டுட்டேன்.”

“எந்த நெலத்துக்குண்ணே?” என்று வேண்டுமென்றே கேட்டேன்.

போனில் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

“நம்ம நெலத்துக்குத்தாம்மா” என்றார்.