ஜல்லி ரோட்டில் மாமியார்

வாடகைக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவளுக்கு இரண்டு எஜமானர்கள்: பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒருவர், ரோட்டில் கிடக்கும் ஜல்லி இன்னொருவர். இரண்டு சக்கரத்தில் பிழைக்கிற உங்களுக்கு இதைச் சொல்லியா தெரியவேண்டும்!

ரங்கூன் நகருக்குள் எங்கள் வண்டிக்கு அனுமதி கிடையாது. ஆற்றைக் கடந்து டாலாவில் இறங்கினால், அங்கிருந்து த்வாண்டே வரை எங்கள் ராஜ்ஜியம். ஆள் ஏற்றும் மோட்டார் சைக்கிளுக்கு இங்கே 'கேரி' என்று பெயர். பனிக்காலம் முடியப்போகும் நாட்களில் ரோட்டு வேலை தொடங்கும். பள்ளத்தில் தாரை ஊற்றி, அதன்மேல் பொடி ஜல்லியை மூங்கில் கூடையால் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். அதை மிதித்துச் சமன் செய்வது நம் டயரின் பொறுப்பு. விடியற்காலைப் பனிமூட்டம் வேறு.

என் கணவர் கப்பலில் வேலை செய்கிறார். டாலா வீட்டில் நான், நான்கு வயது மகள் மீனா, என் அத்தை, அதாவது மாமியார். அத்தை ரங்கூன் நகருக்குள் பசுந்தாங் பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். பஸ்ஸைத் தவிர எந்த வாகனத்தையும் நம்பமாட்டார். நான் கேரி ஓட்டப் போகிறேன் என்றதும் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒரு தடவை விழுந்தாலும் வண்டியை விற்றுவிட வேண்டும். பிள்ளையோடு பசுந்தாங்கில் அவருடைய தம்பி வீட்டு மாடியில் போய் உட்கார வேண்டும். சரி என்று தலையாட்டிவிட்டேன். அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை.

முன் பிரேக்

முதல் வருடம், முதல் ஜல்லித் திட்டு. பனியில் அது கண்ணுக்கே தெரியவில்லை. தெரிந்ததும் வலது கை தானாக முன் பிரேக்கை இறுக்கிவிட்டது. முன் சக்கரம் என்னைக் கேட்காமல் இடப்பக்கம் கிளம்பியது. காலை ஊன்றி எப்படியோ நிறுத்தினேன். நல்லவேளை, பின்னால் ஆள் இல்லை. விழவில்லை என்பதால் அத்தையிடம் சொல்லவில்லை. இது பொய்யில் சேருமா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேரி ஸ்டாண்டில் 'கோ தான்' என்பவர் எங்களுக்கெல்லாம் சீனியர். (எல்லோரும் பேசியது பர்மியில், தமிழில் தருகிறேன், காரம் கொஞ்சம் குறைந்திருக்கும். பெயருக்கு முன்னால் வரும் கோ, மா, டோ எல்லாம் பர்மிய மரியாதைச் சொற்கள்.) வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு அவர் சொன்னார்: "மா செல்வி, ஜல்லி வர்றதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறை. ஜல்லிமேல ஏறினதுக்கப்புறம் பிரேக்கும் பிடிக்காத, ஹேண்டிலும் ஒடிக்காத, விழுந்தா என் பேரையும் சொல்லாத!"

ஏழு பானை

டோ மியா என்கிற அம்மாள் த்வாண்டேயில் பானை வாங்கி டாலாவில் விற்பவர். வைக்கோல் சுற்றிய ஏழு பானைகளைத் தம் மடியிலும் என் முதுகிலுமாக அடுக்கிக்கொண்டுதான் வருவார். ஜல்லித் திட்டைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தேன்.

அப்போது நினைவுக்கு வந்தது நான் படித்த கன்னியர் மடத்து விடுதி. சாப்பாட்டுக் கூடத்தில் விளிம்பு தொட்ட தண்ணீர் டம்ளரை மெழுகிய தரையில் சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். "டம்ளரைப் பார்க்காதே, போகிற மேஜையைப் பார்" என்பார் சிஸ்டர். டம்ளரைப் பார்த்தவளெல்லாம் சிந்தினாள். நானும் சக்கரத்தடியில் கிடந்த ஜல்லியைப் பார்ப்பதை விட்டேன். இருபது கஜம் தள்ளித் தெரிந்த நல்ல ரோட்டைப் பார்த்தேன். கைப்பிடியைத் தளர்வாகப் பிடித்து, ஒரே சீரான ஆக்ஸிலேட்டரில், லாரி போன தடத்திலேயே போனேன். வண்டி லேசாக நெளிந்தது, நெளியட்டும் என்று விட்டேன், அதுவாகவே நிமிர்ந்துகொண்டது.

இறங்கியதும் டோ மியா ஒவ்வொரு பானையையும் விரலால் தட்டிக் கேட்டார். ஏழும் கணீர் என்றன. கடைசியாக என் ஹெல்மெட்டையும் ஒரு தட்டு தட்டிவிட்டுச் சொன்னார்: "இதுவும் விரிசல் விடலை."

ஏழரை மணிப் படகு

ஒரு வாலிபன். நகரத்தில் முதல் நாள் வேலையாம், ஏழரை மணிப் படகைப் பிடிக்க வேண்டுமாம். "அமா, வேகமா போங்க! அமா, நடந்தாலே இதைவிடச் சீக்கிரம் போயிருப்பேன்!" என்று வழி முழுக்க என் காதைத் துளைத்தான். அமா என்றால் பர்மியில் அக்கா. எங்களை முந்திக்கொண்டு ஒருவன் பறந்தான். அடுத்த வளைவில் ஜல்லியில் அவன் வண்டி தனியாகக் கிடந்தது, அவன் தனியாகக் கிடந்தான். தூக்கி நிறுத்தினோம், முழங்காலில் தோல் போனதோடு சரி. திரும்ப ஏறியபோது என் பயணி தோளைத் தொட்டுப் பணிவாகச் சொன்னான்: "அமா, எட்டு மணிக்கும் படகு இருக்கு."

பட்டாணி

இப்படி ஊரையெல்லாம் ஏற்றியவள், மீனாவை மட்டும் ஒரு நாளும் ஏற்றியதில்லை. பயம்தான்.

போன மாசியில் ஒரு காலை, மீனா மூக்கில் பட்டாணியைப் போட்டுக்கொண்டாள். சிந்தச் சொன்னால் உறிஞ்சினாள். அது மேலே போனது. எங்களுக்குத் தெரிந்த டாக்டர் த்வாண்டேயில். வீட்டில் இருந்த ஒரே வண்டி என்னுடையது. அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஸ்டாண்டில் இரவல் வாங்கிய ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, பிள்ளையை நடுவில் வைத்து ஏறி உட்கார்ந்தார். மீனாவின் தலைக்கு அளவாக ஹெல்மெட் இல்லை.

பாதி வழியில் புது ஜல்லி. முந்தின நாள் போட்டது, திட்டு என்றே சொல்ல முடியாது, கண்ணுக்கெட்டிய மட்டும் ஜல்லிதான். எதிரே பனிக்குள்ளிருந்து லாரி விளக்கு. ஒதுங்கினால் சறுக்கும். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து என் தடத்திலேயே போனேன். "முருகா, முருகா" என்று அத்தையின் பத்து விரலும் என் விலாவில் பதிந்தன. நான் தூரத்து மேஜையைத்தான் பார்த்தேன். லாரி எங்களை உரசாமல் கடந்தது. அது கிளப்பிய தூசு மட்டும் எங்களோடு நின்றது.

மீனா தும்மினாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது தும்மலில் என் முதுகில் ஏதோ சுளீரென்று பட்டது.

நான் உடனே பிரேக் பிடிக்கவில்லை. அதை இப்போது நினைத்தாலும் எனக்கே பெருமையாக இருக்கிறது. ஜல்லி முடிந்து நல்ல ரோடு வந்த பிறகே நிறுத்தினேன். அத்தை கீழே இறங்கி, என் முதுகில் ஒட்டியிருந்த பட்டாணியை எடுத்துப் பார்த்தார். பிள்ளையின் மூக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். வந்த வழியைப் பார்த்தார். வண்டியை விற்கும் பேச்சு இப்போது வரும் என்று காத்திருந்தேன். அவர் மறுபடியும் ஏறி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "வந்ததுதான் வந்துட்டோம், த்வாண்டேக்கே விடு, எனக்குப் பானை ஒண்ணு வாங்கணும்."

இப்போதும் ஜல்லியைக் கண்டால் மெதுவாகப் போகிறேன். வாரம் ஒரு தடவை பானை வாங்க வரும் அத்தை பின்னால் இருந்தால், என் விலாவை நினைத்து, ஜல்லி இல்லாத இடத்திலும் மெதுவாகவே போகிறேன்.