காப்புக் கட்டிய கையால் எழுதிய பரீட்சை

தை முடிகிற சமயம். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கை வழுக்கிக் கத்தி காலில் இறங்கிவிட்டது. கணுக்காலுக்கு மேலே எலும்பே தெரிந்தது. கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். வெயில் காலம் முடிகிறவரைக்கும் காலை ஊன்றவே கூடாது என்றார்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து அழுதேன். அவர் காலுக்காக மட்டும் அழவில்லை. அவர் இடத்துக்கு அடுத்து யாரைக் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

என் பெயர் அஞ்சலை. நான் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் சுமதிதான் இதை எழுதுகிறாள். என் பேச்சை அழகு பண்ணாதே என்று அவளுக்குச் சொல்லியிருக்கிறேன். அம்மனை நம்பி வாழ்கிற நீங்கள் இதைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவர்கள் பக்கத்தில் இருந்தால் சத்தமாகப் படியுங்கள்.

வடக்கனந்தலுக்கு மேற்கே, கல்ராயன் மலையடிவாரத்தில் எங்கள் ஊர். எங்கள் தெருவில் யாருக்கும் நிலம் கிடையாது. வெட்டுக்கு ஜோடியாகத்தான் எடுப்பார்கள். ஒருவர் வெட்டவேண்டும், ஒருவர் தோகை கழித்துக் கட்டுக் கட்டவேண்டும். ஜோடி உடைந்தால் இரண்டு பேருக்கும் வேலை இல்லை. அதனால் அப்பன் படுத்தால் மகன் வருவான், மகன் இல்லையென்றால் மகள் வருவாள். எங்கள் தெருப் பிள்ளைகள் படிப்பை விட்டது இப்படித்தான். வாத்தியார் யாரும் வெளியே போ என்று சொன்னதில்லை. ஒரு வெட்டுக்கு வந்த பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகாது, அவ்வளவுதான்.

ஊருக்குப் பெரியவீட்டுக்காரர் என்று ஒருவர். கரும்பும் அவருடையது, டிராக்டரும் அவருடையது. வெட்டுக்கு ஆள் சேர்ப்பதும் அவர்தான், மாரியம்மன் கோயிலுக்குத் தர்மகர்த்தாவும் அவர்தான். நாங்கள் குடிசை போட்டிருந்ததும் அவர் கொல்லை ஓரத்தில்தான். மாசி மாதம் ஒருநாள் வாசலில் வந்து நின்றார்.

"அஞ்சல, பங்குனிக் கடைசி வரைக்கும் வெளியூர்ல வெட்டு இருக்குது. உம் பொண்ண இட்டுக்கினு கெளம்பு."

"அதுக்குப் பங்குனியில பத்தாவது பரிச்சைங்க."

"பரிச்சைய அடுத்த வருஷங்கூட எழுதலாம். கரும்பு அடுத்த வருஷம் வரைக்கும் நிக்குமா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நல்ல புத்தி சொல்வதுபோலச் சொன்னார். அவர் மகனும் அதே வருஷம் பத்தாவதுதான். கள்ளக்குறிச்சியில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம், வாசலுக்கே வேன் வரும். அவனை அடுத்த வருஷம் எழுதிக்கொள் என்று யாரும் சொல்லவில்லை. இன்றைக்கு நினைத்தாலும் கோபம் வருகிறது.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். பூ இல்லை, கற்பூரம் இல்லை, வெறுங்கையோடு போனேன். அம்மன் முகத்தைப் பார்த்தேன். கெஞ்சவில்லை. "ஏம்மா, உனக்குக் கூழு ஊத்தினது எங்க தெருவும்தானே? எங்க வூட்டுப் புள்ளைக்கு மட்டும் இன்னா கொறைச்சல்? எனக்கு ஒரு வழி சொல்லு. சொல்றவரைக்கும் நான் போவமாட்டேன்" என்றேன். அப்போதுதான் தெருவில் பறைச் சத்தம் கேட்டது. வருகிற வெள்ளிக்கிழமை காப்புக் கட்டு, தீ மிதிக்கிறவர்கள் எல்லாரும் வரவேண்டும் என்று சொல்லிக்கொண்டு போனார்கள்.

எங்கள் ஊர் வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியாது. மஞ்சள் துணியில் வேப்பிலையை முடிந்து முதல் காப்பை அம்மன் கையில் கட்டுவார்கள். அப்புறம் பூசாரிக்கு, அப்புறம் பெரியவீட்டுக்கு, கடைசியில் எங்கள் தெருவுக்கு. காப்புக் கட்டியவர், பங்குனிக் கடைசியில் தீமிதி முடிகிறவரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எப்பேர்ப்பட்ட ஆளும் அவரை வெளியூருக்குக் கூப்பிட மாட்டார். கூப்பிட்டால் அம்மன் குற்றம்.

அம்மன் வழி சொல்லிவிட்டாள் என்று எனக்குப் புரிந்தது. வெள்ளிக்கிழமை சுமதியைத் தலைமுழுகச் சொல்லி வரிசையில் நிறுத்தினேன். கடைசி ஆளாக அவள் கையில் காப்பு ஏறியது. பெரியவீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். புரிந்துவிட்டது அவருக்கு. தடுத்தால் அம்மன் குற்றம். அவர் மகன் கையிலும் அன்றைக்குத்தான் காப்பு ஏறியிருந்தது. வெட்டுக்கு வேறு ஜோடியைத் தேடிக்கொண்டார். நான் கடலைக் கொல்லைக்குக் களையெடுக்கப் போனேன். என் மகள் படித்தாள்.

பள்ளிக்கூடத்தையே பார்க்காத நான் ஒரு தப்புப் பண்ணியிருந்தேன். படிக்கிற இடத்தில்தான் பரீட்சையும் நடக்கும் என்று நினைத்துவிட்டேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் சின்னது. பரீட்சை வடக்கனந்தலில். எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம்.

சுமதிக்கு அது தெரியும். அவளுக்கு அது ஒரு பெரிய விஷயமாகத் தோன்றவில்லை. போன வருஷமும் காப்புக் கட்டிய கையோடு பெரியவீட்டுப் பையன் தினம் கள்ளக்குறிச்சி போய் வந்ததை அவள் பார்த்திருக்கிறாள். பகலில் போய்வந்தால் பரவாயில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னால் விஷயம் பெரியவீட்டுக்காரர் காதுக்குப் போனது. கோயில் வாசலில் நாலு பேர் நடுவில் என்னைக் கூப்பிட்டார்.

"காப்புக் கட்டினவ எல்லையத் தாண்டக் கூடாது. தெரியுமில்ல?"

"உங்க பையன் தெனம் தாண்டிக்கினுதானே இருக்குதுங்க?"

"அவன் வேன்ல போறான். கால் மண்ணுல படல. உம் பொண்ணு நடந்துதானே போவணும்? எல்லையக் கால் மிதிச்சா குத்தம்."

நாலு பேரும் தலையாட்டினார்கள். நான் விடவில்லை. "அப்போ அந்த வேன்லயே எம் பொண்ணையும் ஏத்திக்கினு போவச் சொல்லுங்க" என்றேன். அது இங்கிலீஷ் பள்ளிக்கூடத்து வேன், கண்டவர்களை ஏற்ற மாட்டார்கள் என்றார். எங்கள் ஊருக்குள் பஸ் வராது. எல்லைக் கல்லைத் தாண்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் நிற்கும். வண்டி இருக்கிறவனுக்கு எல்லை கிடையாது, நடக்கிறவனுக்கு மட்டும் உண்டு. படிப்பு எல்லாருக்கும் பொது என்று மேடையில் பேசுகிறார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழி பொதுவாக இல்லை, அதை யாரும் பேசுவதில்லை.

வீட்டுக்கு வந்ததும் சுமதி புத்தகத்தை மூடி வைத்தாள். "வுடும்மா, அடுத்த வருஷம் எழுதிக்கிறேன்" என்றாள். பெரியவீட்டுக்காரர் சொன்ன அதே வார்த்தை. அது என் மகள் வாயில் வந்ததும், மூடின புத்தகத்தை எடுத்துத் திரும்ப அவள் கையில் கொடுத்தேன். காப்பை அவிழ்த்துப் போடவும் மனசு வரவில்லை. அம்மனை ஏமாற்றிக் காரியம் சாதிக்க நான் கட்டவில்லை. நம்பித்தான் கட்டினேன்.

மறுநாள் கரகம் எடுக்க அம்மன் ஆற்றுக்குப் போகிற நாள். பல்லக்கு எங்கள் தெருமுனைக்கு வந்தபோது நானும் பின்னாலேயே நடந்தேன். மனசுக்குள் ஒரே கேள்விதான். "வழி சொன்ன நீயே இப்படிக் கதவைச் சாத்தலாமா?" எல்லைக் கல் வந்தது. அங்கே பல்லக்கை நிறுத்துவார்கள். காப்புக் கட்டிய ஆண்கள் தோளிலிருந்து, கட்டாதவர்கள் தோளுக்குத் தண்டு மாறும். வருஷா வருஷம் பார்க்கிறதுதான். அன்றைக்குத்தான் அம்மன் கையைப் பார்த்தேன். மஞ்சள் காப்பு. முதல் காப்பு அவளுக்குத்தானே! காப்புக் கட்டிய கையோடு, என் கண் முன்னால், அவள் எல்லையைத் தாண்டிப் போனாள். கால் மண்ணில் படாமல், அடுத்தவர் தோளில்.

நான் நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டேன். சாமி வந்திருக்கிறது என்று நினைத்து யாரோ என் தலையில் தண்ணீர் தெளித்தார்கள். எனக்குச் சாமி வரவில்லை. பதில் வந்திருந்தது.

மறுநாள் காலையில் சுமதிக்குத் தலை வாரிப் பொட்டு வைத்து எல்லைக் கல்வரைக்கும் நடத்திக் கூட்டிப்போனேன். அங்கே பெரியவீட்டுக்காரர், பூசாரி, இன்னும் சிலர் நின்றிருந்தார்கள். நான் குனிந்து, "ஏறுடி" என்றேன்.

"எம்மா, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். ஏறு."

வளர்ந்த பெண். நல்ல கனம். முதுகில் ஏற்றிக்கொண்டு நிமிர்ந்தேன். கரும்புக் கட்டு சுமந்த முதுகு, இதைச் சுமக்காதா? காப்புக் கட்டாத என் கால் கல்லைத் தாண்டியது. பெரியவீட்டுக்காரர், "இது இன்னா கூத்து? எறக்கு" என்றார். நான் நிற்கவில்லை. நடந்துகொண்டே சொன்னேன்: "கால் மண்ணுல படலிங்க. நீங்க சொன்னதுதான்."

அவர் பூசாரியைப் பார்த்தார். பூசாரி எல்லைக் கல்லைப் பார்த்தார். "நேத்து ஆத்தாளையும் அப்படித்தானே இட்டுக்கினு போனோம்" என்று மட்டும் சொன்னார்.

பாலத்தைத் தாண்டி, பஸ் படியில்தான் அவளை இறக்கினேன். வடக்கனந்தலில் பஸ்ஸிலிருந்து அவள் இறங்கினது வேற்றூர் மண்தானே என்று இன்றைக்கும் சிலர் வம்புக்குக் கேட்பார்கள். வேனிலிருந்து இறங்கின பையன் எந்த மண்ணில் இறங்கினான் என்று நானும் கேட்பேன்.

சாயங்காலம் பஸ் படியிலிருந்து திரும்பத் தூக்கிக்கொண்டு வந்தேன். அடுத்த பரீட்சைக்கு என் இடுப்பு பிடித்துக்கொண்டது. எங்கள் தெருப் பெண்கள் நான் கேட்காமலே வந்து நின்றார்கள். பள்ளிக்கூட வாசலைப் பார்க்காதவர்கள் அத்தனை பேரும். ஒருத்தி முதுகிலிருந்து இன்னொருத்தி முதுகுக்கு என் மகள் மாறிக்கொண்டே போனாள். கணக்குப் பரீட்சை அன்றைக்குச் சிரிப்பும் கும்மாளமுமாகப் போனார்கள். "கணக்கு எவ்ளோ கனம்டி" என்று கேலி வேறு. பரீட்சை எல்லாம் முடிந்த பிறகு சுமதி தீ மிதித்தாள். கால் கொப்புளிக்கவில்லை. நல்ல மார்க்கில் தேறினாள்.

சும்மா விட்டுவிட்டார்களா? இல்லை. அடுத்த வெட்டுக்கு எங்களை எடுக்கவில்லை. கொல்லை ஓரத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். குடிசையைப் பிரித்துக்கொண்டு மலையேறினோம். அங்கே மரவள்ளிக் கிழங்கு பிடுங்கினோம், கடுக்காய் பொறுக்கினோம். கஷ்டத்தில் அம்மன் என்னைக் கைவிட்டாளா என்று கேட்டால், இல்லை என்பேன். என் மகள் படிப்பு நிற்கவில்லை. அதைத்தான் நான் கேட்டிருந்தேன். மற்றதை நான் பார்த்துக்கொண்டேன்.

இன்றைக்குச் சுமதி அதே கல்ராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளை வரவில்லையென்றால் அவர்கள் வீட்டுக்கே போய்விடுவாள். "இதோட அப்பனுக்கு வேலைக்கு ஜோடி வேணுமாம்" என்று யாராவது சொன்னால் அவளுக்கு வருகிற கோபம் என் கோபம். அவள் வேலையில் சேர்ந்த பிறகு ஊரில் எங்கள் தெருவிலேயே சொந்தமாக மனை வாங்கி ஓட்டு வீடு கட்டினோம். என் வீட்டுக்காரர் காலை இழுத்து இழுத்து நடந்தாலும் சொந்த வாசலில் நடக்கிறார். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நான் கோயிலுக்குப் போகிறேன். இப்போது பூவும் கற்பூரமும் கொண்டு போகிறேன். தாயே, உனக்கு நான் பட்ட கடன் தீராது.

கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள் பிள்ளை போகிற வழியில் யாராவது ஒரு கல்லை நட்டு வைத்திருந்தால் தலையெழுத்து என்று திரும்பி வராதீர்கள். அம்மனிடம் போய் உரிமையோடு கேளுங்கள். அவள் காட்டுவாள். காட்டின பிறகு உட்கார்ந்திருக்காதீர்கள். குனிந்து பிள்ளையைத் தூக்குங்கள்.

எங்கள் ஊரில் இப்போது இதுவே வழக்கமாகிவிட்டது. பங்குனியில் பரீட்சை எழுதப்போகிற, காப்புக் கட்டிய பிள்ளைகளை எங்கள் தெருப் பெண்கள் எல்லைக் கல்லில் தூக்கித் தாண்டவிடுகிறார்கள். தூக்கிவிட்ட பிள்ளை தோற்காது என்று ஒரு நம்பிக்கை வேறு பரவிவிட்டது. போன வருஷம் நானும் கல்லருகில் நின்றிருந்தேன். பெரியவீட்டு வேன் வந்து நின்றது. உள்ளே அவர் பேத்தி, கையில் காப்பு. அவர் தடியை ஊன்றி இறங்கினார். அன்றைக்கு "அஞ்சல" என்று கூப்பிட்ட வாய்.

"அஞ்சலம்மா, எம் பேத்தியையும் ஒருக்கா தூக்கி வுடச் சொல்லும்மா."

"தூக்கிடலாங்க. வரிசையில நிக்கச் சொல்லுங்க. எங்க தெருப் புள்ளைங்க மொதல்ல போவட்டும்."

பேத்தியின் பையை அவர் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவளைக் கூட்டிப்போய் வரிசையின் கடைசியில் நின்றார்.