உலகப் பண்பாட்டு சர்டிபிகேட்டும் ஒரு வாடகை வீடும்

ஹோட்டல் ரிசப்ஷன்ல நிக்கறவனுக்குக் கால் எவ்வளவு கடுத்தாலும் வாய் சிரிச்சுக்கிட்டே இருக்கணும், அதான் எங்க தொழில். உங்கள்ல யாராவது கவுன்ட்டருக்குப் பின்னாடி நின்னிருந்தா இது தெரியும். அந்தச் சிரிப்பையும் காலேஜ்ல போய்ப் படிச்சுட்டு வான்னு சொன்னா உங்களுக்கு எப்படி இருக்கும்? எனக்குச் சொன்னாங்க.

சிரிப்புக்கு ஒரு பரீட்சை

எங்க மேனேஜர் மூக்காலயே பேசுவார். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் அதே மூக்கால பேசுவேன், ரூம் பாய்ங்க விழுந்து விழுந்து சிரிப்பாங்க. ஒருநாள் கூப்பிட்டார். யோகா படிக்கவும் அரண்மனை பாக்கவும் மைசூருக்கு எல்லா தேசத்துக்காரங்களும் வர்றாங்களாம். அதனால ரிசப்ஷன்காரங்க எல்லாரும் சாயங்கால கிளாஸ் போய் ‘உலக விழிப்புணர்வு, பண்பாட்டுத் திறன்’னு ஒரு சர்டிபிகேட் வாங்கணுமாம். வாங்காதவன் லாண்டரிக்குப் போகணும்.

பியுசி பரீட்சையிலயே, அதான் பன்னெண்டாவதுலயே, கோட்டு அடிச்சவன் நான். சார், எனக்கு எதுக்கு சார் கிளாஸு, ஜப்பான்காரர் இப்படிக் குனிவார், இத்தாலிக்காரம்மா கையாலயே பேசுவாங்கன்னு ஒவ்வொண்ணா நடிச்சுக் காட்டினேன். முழுசும் பொறுமையா பாத்துட்டுச் சொன்னார்: “நீ இப்ப பண்ணினியே, அதை நிறுத்தறதுக்குத்தான் அனுப்பறேன்.”

வேற தேசத்து ஆளு

கிளாஸ் எடுத்த மேடம், எல்லாரும் வேற தேசத்து ஆள் ஒருத்தரைப் பாத்துப் பேசி, அவங்க சாப்பாடு, துணிமணி, பண்டிகையெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வந்து பிரசன்டேஷன் பண்ணணும்னாங்க. அந்தக் காலேஜ்ல சுலபமா கையில மாட்டற ஆளு எமானுவேல்தான். தான்சானியாப் பையன், கடைசி வருஷத்துக்குப் போகப் போறவன். மொத்த கிளாஸும் அவன் மேலதான் விழுந்துச்சு. எனக்கு அவனை மாதா கோயில்ல பாத்த பழக்கம் வேற, ஞாயித்துக்கிழமை பூசைக்கு எங்களுக்கு முன்னாடி பெஞ்சுல உக்காருவான்.

டீக்கடையில பிடிச்சேன். என்னை விட சுத்தமா கன்னடம் பேசறான். உங்க ஊர்ல என்னப்பா சாப்பிடுவீங்கன்னு ஆரம்பிச்சேன். சலிக்காம பதில் சொன்னான். சொல்லிட்டு டீ கிளாஸையே பாத்துக்கிட்டிருந்தான். என்னடான்னு கேட்டேன். வீட்டுக்காரர் மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணச் சொல்லிட்டாராம். வீட்டு விலாசத்துக்குப் பேப்பர் இல்லேன்னா இங்க தங்கறதுக்கான பதிவைப் புதுப்பிக்க மாட்டாங்களாம். பதிவு இல்லேன்னா படிப்பு பாதியில போச்சு. “அண்ணா, எங்க ஊர்ல என்ன சாப்பிடுவாங்கன்னு உங்க கிளாஸ்ல எல்லாரும் கேட்டுட்டாங்க. அடுத்த மாசம் நான் எங்க தூங்குவேன்னு ஒருத்தரும் கேக்கல.”

ஹெல்மெட்

எனக்குத் தெரிஞ்ச ஒரே வித்தை குரல்தானே. ‘மனெ பாடிகெகிதெ’, அதாவது வீடு வாடகைக்குன்னு, போர்டு தொங்கற வீட்டுக்கெல்லாம் நானே போன் போட்டேன். ஒரு வீட்டுக்கு ரிட்டயர் ஆன பேங்க் ஆபீசர் குரல், நடுநடுவுல ஒரு கனைப்பு. இன்னொரு வீட்டுக்கு எங்க கோயில் பங்குச் சாமியார் குரல், அதுல வீட்டுக்காரம்மா போன்லயே ஆசீர்வாதம் கேட்டாங்க. குடுத்துட்டேன். போன்ல எல்லாருமே தங்கமானவங்க. நேர்ல ஸ்கூட்டர்ல போய் நின்னு எமானுவேல் ஹெல்மெட்டைக் கழட்டினதும், இப்பத்தான் வேற ஒருத்தருக்குக் குடுத்தோம்னாங்க. போர்டு எங்க தலைக்கு மேலயே ஆடிக்கிட்டிருக்கும்.

அக்ரஹாரத்துல ஒரு பெரியவர் உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சு காபி குடுத்தார். சுத்த சைவமா இருக்கணும்னார், எமானுவேல் சரின்னான். உங்க ஊர்ல சிங்கம் தெருவுல வருமான்னு ஆசையா விசாரிச்சார். எனக்கு நம்பிக்கை வந்துடுச்சு. கெளம்பும்போது என்னை மட்டும் கேட்டோரமா கூப்பிட்டு, பையன் அருமையான பையன், எனக்கு ஒண்ணும் இல்ல, பக்கத்து வீட்டுக்காரங்கதான் ஒரு மாதிரின்னார். அவர் மெதுவாத்தான் சொன்னார், ஆனா அவனுக்குக் கன்னடம் தெரியுமே. ஸ்கூட்டர்ல பின்னாடி ஏறிக்கிட்டே கேட்டான்: “அண்ணா, அடுத்த வீட்ல ஹெல்மெட்டைக் கழட்டாமலே பேசட்டுமா?”

எங்க வீட்டு மாடி

உன் வீட்ல எடம் இல்லையான்னு நீங்க கேப்பீங்க. இருக்கு. மாடி போர்ஷன்ல இருந்த நர்ஸம்மா கல்யாணம் ஆகிப் போனதுலேர்ந்து காலிதான். வீடு அம்மா பேர்ல. அம்மாவுக்கு எமானுவேலைப் பிடிக்கும், பூசையில எல்லாரும் கை குடுத்துச் சமாதானம் சொல்லும்போது அவன் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்குவாங்க. கிறிஸ்துமஸுக்கு டப்பாவுல கல்கல் பலகாரம் போட்டுக் குடுத்திருக்காங்க.

அன்னிக்கு மட்டும் நான் யார் குரலும் போடல. என் குரல்லயே கேட்டேன். அம்மா கீரை ஆஞ்சுக்கிட்டிருந்தாங்க. அதெல்லாம் வேணாம்டான்னாங்க, கை நிக்கல, குரலும் ஒசரல. விலாசப் பேப்பர் இல்லேன்னா அவன் படிப்பே போயிடும்மான்னு சொல்லிப் பாத்தேன். நல்லா ஜெபம் பண்றேன்னாங்க. மறுபடி மறுபடி கேட்டதுக்கு, கீரைத் தட்டைத் தள்ளி வெச்சுட்டுச் சொன்னாங்க: “கோயில்ல கையைக் குடுக்கறது வேற, மாடியைக் குடுக்கறது வேற. உன் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பாக்கற வீடுடா இது. உன் காலேஜ் பாடத்தை என் வீட்ல வந்து நடத்தாத.”

ஃபுல் மார்க்

மாசக் கடைசியில எமானுவேல் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பெங்களூருக்கு பஸ் ஏறிட்டான். அங்க அவன் ஊர்க்காரப் பையன் ஒருத்தன் ரூம்ல தரையில படுக்கறதா ஏற்பாடு. அங்கயும் விலாசம் கிடைக்கல. டிக்கெட் போட்டு ஊருக்கே போறேன்னு போன்ல சொன்னான்.

அந்த வாரம்தான் என் பிரசன்டேஷன். சாப்பாடு, பண்டிகை எல்லாத்தையும் விட்டுட்டு, நாங்க ஏறி இறங்கின வீடுங்களைத்தான் சொன்னேன். வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியாது, அதனால அவங்கவங்க குரல்லயே சொன்னேன். அக்ரஹாரத்துப் பெரியவர் வந்தார், போர்டு மாட்டினவங்க வந்தாங்க, எங்கம்மாவும் வந்தாங்க. கிளாஸ் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சுது. அம்மா குரல்ல ஆரம்பிச்சது மட்டும் நடுவுல என் குரலாவே மாறிடுச்சு, அதையும் நடிப்புன்னு நெனச்சுக் கை தட்டினாங்க. மேடம் ஃபுல் மார்க் போட்டு, கண்ணைத் தொடைச்சுக்கிட்டே சொன்னாங்க: “சர்டிபிகேட் குடுக்கற அன்னிக்கு அந்தப் பையனையும் கூட்டிட்டு வாங்க, மேடையில உக்கார வெக்கலாம்.”

உலகத்தை நான் நல்லா புரிஞ்சுக்கிட்டேன்னு காலேஜே முத்திரை குத்திக் குடுத்துடுச்சு, என்ன புரிஞ்சுதுன்னு மட்டும் தயவுசெஞ்சு கேட்டுடாதீங்க.