கேட்க ஆளில்லாத லாட்டு

போன வாரம் போடி. ஏலக்காய் ஏலத்துக்குப் புதிய விதி வரப்போகிறது, பொதுமக்கள் போடியில் நடக்கும் கூட்டத்துக்கு வந்தோ எழுதி அனுப்பியோ கருத்துச் சொல்லலாம் என்று அரசு அறிவித்திருந்தது. இப்படிக் கருத்துக் கேட்பது கல்லூரியில் பாடமாகப் படித்த ஒன்று. நேரில் பார்க்க வேண்டும் போலிருந்தது. வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை, அதுவும் காரணம்.

முதல் நாள் போடிமெட்டில் தங்கினேன். குளிர். தூக்கம் வரவில்லை. காலையில் ஜீப்பில் போடிக்கு இறங்கினேன். இருபத்தாறு கிலோமீட்டர், ஒரு மணி நேரம், நூறு ரூபாய். பக்கத்தில் ஈஸ்வரி அக்கா. ராசிங்காபுரத்துக்காரர், மலைச்சரிவில் கொஞ்சம் ஏலக்காய் போட்டிருக்கிறார்.

"அக்கா சட்டம் பேசப் போகுது, வழி விடுங்கப்பா," என்றார் ஓட்டுநர்.

"வளைவப் பாத்து ஓட்டு மாப்ளே." என் பக்கம் திரும்பினார். "இனி சின்ன லாட்ட, அதான் ரெண்டு மூணு மூட்டையா வர்ற சரக்க, ஏலத்துல எடுக்க மாட்டாகளாம் தம்பி. எனக்கு வெளையிறதே சின்ன லாட்டுதான். அப்புறம் வாசல்ல வந்து நிக்கிற யாவாரி சொன்னதுதான் வெல."

கூட்டம் ஒரு மண்டபத்தில். அதிகாரி வரைவு விதியை வாசித்தார். ஆட்சேபணை உண்டா என்றார். மறுபடியும் கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. வெளியூர்க்காரன், நானும் பேசவில்லை. 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதச் சொல்லிவிட்டு எழுந்தார்.

வெளியே ஈஸ்வரி அக்கா தெம்பாக வடை தின்றுகொண்டிருந்தார்.

"பாத்தீகளா தம்பி, ஒருத்தனும் மூச்சு விடல."

"அப்ப விதி வந்துடுமேக்கா?"

"எப்பிடி வரும்? ஏலத்துல கேக்க ஆளில்லன்னா லாட்டு திரும்பிப் போயிரும்ல?"

இங்கே பேசாமல் இருந்தால் சம்மதம் என்று கணக்கு. சொன்னேன். வடையை என் கையில் திணித்துவிட்டு ஓடினார். கிளம்பிய அதிகாரியின் காருக்கு முன்னால் போய் நின்றார்.

"ஐயா, வேணாம்னுதான் சும்மா இருந்தோம்!"

"வேணாம்னா வாயால சொல்லணும்லம்மா?"

"எந்த ஏலத்துலய்யா வேணாம்னு கத்துறாக?"

கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். தாங்கள் பேசாததும் சம்மதமாகிவிட்டது என்று பிறகுதான் அவர்களுக்கும் உறைத்தது. கார் நகர முடியாதபடி ஆள் சேர்ந்தது. அதிகாரி இறங்கி மண்டபத்துக்குத் திரும்பினார். ஒவ்வொருவராகச் சொன்னார்கள். வேணாம். வேணாம்யா. எழுதிக்கொண்டார்கள்.

எழுதியதை மேலே யாராவது படிப்பார்களா? தெரியவில்லை. மதுரை ரயிலில் இரண்டு மணி நேரமும் இதே யோசனை. ஜன்னலோரம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை.

போகிறவர்களுக்கு: மலையில் காலையிலேயே ஜீப் பிடியுங்கள், மதியத்துக்கு மேல் மேகம் இறங்கிவிடும். கருத்து அனுப்ப இன்னும் சில நாட்கள் உண்டு. ஏலக்காய் விளைவிப்பவராக இருக்க வேண்டியதில்லை. மண்டபத்தில் சொல்லாததை நான் நேற்று எழுதி அனுப்பினேன்.