வல்லாரை என்று நான் அரிந்த இலை

லண்டன் லூயிஷாம் வீட்டின் பின்பக்கப் புல்தரையில் வல்லாரையைக் கண்டுபிடித்த பெருமை எனக்கே சேரும். மார்ச் தொடக்கம், வேலியோர நிழலில் பச்சைப் பசேலென்று இலைகள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஞாபகசக்திக்கென்று எங்கள் ஆட்கள் வல்லாரைச் சம்பல் ஊட்டுவார்கள். என் வீட்டிலும் அப்படியொரு பிள்ளை இருந்தது. வயது நாற்பத்தெட்டு.

யாழ்ப்பாணத்தில் கணக்கு வாத்தியாராக இருந்த என் கணவர், குடியுரிமைப் பரீட்சையில் கோட்டை விட்டிருந்தார். நான் முதல் தடவையே பாஸ். அந்தக் கதையை வீட்டில் எடுப்பதில்லை. பெட்ரோல் ஸ்டேஷன் ஷிப்டில் மூளை துருப்பிடித்துவிட்டது என்று சொல்லி, மனிதர் புத்தகத்தையே மூடி வைத்துவிட்டார். அதைக் கேட்கப் பொறுக்காமல்தான் வேலியோர இலையை அரியத் தொடங்கினேன்.

தேங்காய்ப்பூ, வெங்காயம், தேசிக்காய்ப்புளி போட்டு மூன்று கிழமை சம்பல் கொடுத்தேன். கசக்கவில்லையே என்றார். லண்டன் மண்ணில் கசக்காது என்று அடித்துவிட்டேன். மறுபடி புத்தகம் திறந்தது.

அவர் பரீட்சைக்குப் போன காலை, அந்தச் செடிகளில் ஊதாப் பூக்கள் பூத்திருந்தன. வல்லாரையில் நான் காணாத பூ. வேலிக்கு அந்தப் பக்கத்து வெள்ளைக்காரி, காட்டு வயலட் எவ்வளவு அழகு என்று உருகினாள். பரீட்சை மண்டபத்தில் அவர் வாயில் நுரை தள்ளிக் கிடப்பதாகவே எனக்குத் தோன்றியது. அதைத் தின்னலாமா என்று கேட்டேன். பூவையும் இலையையும் சாலட்டில் போடுவார்களாம். அப்போதுதான் மூச்சு வந்தது.

பின்னேரம் பாஸ் பண்ணிக்கொண்டு வந்தார். வந்ததும் டெலிபோனில் ஊருக்கெல்லாம் வல்லாரைப் புராணம். ஜீசீஎஸ்ஈ பரீட்சை எழுதும் மகனுக்காகச் சனிக்கிழமை இலை பறிக்கப் பையோடு வருவதாக ஒரு தாய் சொல்லிவிட்டார். இனி மறைக்க முடியாது. உண்மையைச் சொன்னேன்.

"அப்ப நான் சும்மா படிச்சே பாஸ் பண்ணினனான்?"

"ஓம். வெறும் களையைத் திண்டுபோட்டுப் பாஸ் பண்ணினீங்கள்."

கோபிப்பார் என்று நினைத்தேன். அவர் டெலிபோனை எடுத்து அந்தத் தாயைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இஞ்ச வல்லாரை இல்லை. நீர் பிள்ளையை அனுப்பும், கணக்கு நான் சொல்லிக் குடுக்கிறன்."